காய்ச்சல் வந்தால் இடத்தையும் சொல்வோம்

நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டவுடன் எழும் முதல் கேள்வி, "டெங்கியாக இருக்குமோ?" என்பதாகும். இந்தக் கேள்வி தேவையானதுதான். டெங்கி உயிரைப் பறிக்கக்கூடிய நோய். அதைப் பற்றிப் பள்ளியிலும் வானொலியிலும் சுவரொட்டிகளிலும் பல ஆண்டுகளாகக் கேட்டும் படித்தும் வருகிறோம். ஆனால், இரத்தப் பரிசோதனையில் டெங்கி இல்லை என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? "நல்ல வேளை!" என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரையோடு வீடு திரும்புகிறோம். டெங்கி இல்லையென்றால் இது வேறு என்ன காய்ச்சல் என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு.

அந்த இரண்டாவது கேள்விக்கு விடையாக இருக்கக்கூடிய சில நோய்களைப் பற்றியதே இக்கட்டுரை. உண்ணி, சிற்றுண்ணி, தெள்ளு ஆகிய சிற்றுயிர்களால் பரவும் அந்தக் காய்ச்சல்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல, அரியவையும் அல்ல. மலாக்காவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நாம் அவற்றை மறந்துவிட்டோம் என்பதே உண்மை. காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும்போது உடலில் என்ன செய்கிறது என்பதை மட்டுமன்றி, அண்மையில் நாம் எங்கே இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

மூன்று சிற்றுயிர்கள்

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உண்ணி என்பது நாய், மாடு போன்ற விலங்குகளின் தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது. மலாய்மொழியில் இதனைச் செங்கெனிட் என்பர். தெள்ளு என்பது எலி, பூனை, நாய் ஆகியவற்றின் உரோமத்துக்குள் வாழும் பூச்சி. அதற்கு இறக்கை இல்லை, துள்ளிக் குதிக்கும். மலாய்மொழியில் இது பிஞ்சால். சிற்றுண்ணி இவ்விரண்டைவிடவும் சிறியது. மலாய்மொழியில் துங்காவ் எனப்படும். புதரிலும் லாலாங் புல்லிலும் காணப்படும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவமே மனிதரைக் கடிக்கிறது. அதன் அளவு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். ஆகவே, அது உடலில் ஏறியதும் கடித்ததும் பெரும்பாலும் நமக்குத் தெரிவதே இல்லை.

இந்த மூன்று உயிர்களும் பரப்பும் இக்காய்ச்சல்களுக்குக் காரணம் ரிக்கெட்சியா குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். சிற்றுண்ணி பரப்புவது புதர் டைஃபஸ். எலியின் உடலில் வாழும் தெள்ளு பரப்புவது எலி டைஃபஸ். உண்ணி பரப்புவது புள்ளிக் காய்ச்சல். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைஃபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைபாய்டு தூய்மையற்ற உணவாலும் நீராலும் பரவுவது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

புதர் டைஃபஸ் கண்டவருக்குக் கடிபட்ட ஒன்றிரண்டு வாரங்களில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றும். சிலருக்குத் தோலில் சிவந்த தடிப்புகள் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற ஒரு கறுத்த பொருக்கு உண்டாகலாம். அது வலிப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் எளிதில் கண்ணில் படுவதும் இல்லை. எல்லா நோயாளிகளுக்கும் அது தோன்றும் என்றும் சொல்ல முடியாது. உரிய மருந்து கொடுக்காவிட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம்.

தோட்டமும் கடைத்தெருவும்

மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் இன்னும் பெரிய அளவில் பயிரிட்டார். தொடர்ந்து நாடெங்கும் காடுகள் தோட்டங்களாக மாறின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் லாலாங் புல் விரைவாகப் படரும். புல் அடர்ந்த இடத்தில் எலிகள் பெருகும். எலிகளின் உடலில் சிற்றுண்ணிகள் வளரும். அந்தப் புல்லை வெட்டியவர்களும் இளங்கன்றுகளுக்கு இடையே களையெடுத்தவர்களும் நம்மவர்கள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, காலில் செருப்பின்றிப் புல்லில் நடந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா என்றே பேசப்பட்ட காலம் அது. இந்த மற்றொரு காய்ச்சலுக்குத் தொழிலாளர்களிடம் ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

அதற்குப் பெயர் கிடைத்தது கோலாலம்பூரில். 1900ஆம் ஆண்டு அங்குத் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் ஃபிளெட்சர், லெஸ்லர் ஆகிய மருத்துவர்கள் 1920களில் இந்தக் காய்ச்சலை ஆராய்ந்தனர். நோயாளிகளின் இரத்தநீரைப் புரோட்டியஸ் என்னும் பாக்டீரியாவின் இருவேறு வகைகளோடு கலந்து பார்த்தனர். பட்டணத்து நோயாளிகளின் இரத்தநீர் ஒரு வகையைத் திரளச் செய்தது. தோட்டத்திலும் புதரிலும் வேலை செய்தவர்களின் இரத்தநீரோ மற்றொரு வகையைத் திரளச் செய்தது. ஒரே காய்ச்சல் என்று எண்ணியது உண்மையில் இரண்டு நோய்கள் என்பது இவ்வாறு தெரியவந்தது. ஒன்றைக் கிராமப்புற டைஃபஸ் என்றனர். மற்றொன்றைப் பட்டண டைஃபஸ் என்றனர். எலிகள் நடமாடும் கடைகளோடு தொடர்புடையது என்பதால் பின்னதற்குக் 'கடை டைஃபஸ்' என்ற பெயரும் வழங்கியது.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். நோயாளி எங்கே இருந்தார் என்பதைக் கொண்டே நோய்க்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நூறாண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் அறிந்த இந்தப் பாடத்தை நாம் இன்று மறந்திருக்கிறோம்.

இந்நோய்க்கான மருந்தின் வரலாற்றிலும் நம் நாட்டுக்கு இடம் உண்டு. 1948ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜோசஃப் ஸ்மேடலின் குழு கோலாலம்பூருக்கு வந்து, குளோரம்ஃபெனிகால் என்னும் புதிய மருந்தைப் புதர் டைஃபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் லூத்வெயிட்டும் சவூரும் அந்த ஆய்வில் பங்குகொண்டனர். நோயாளிகள் விரைவில் குணமடைந்தனர். புதர் டைஃபஸ் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் உண்மையில் டைபாய்டு கண்டவரும் இருந்தார், அவரும் தேறினார். டைபாய்டுக்கும் மருந்து உண்டு என்று உலகம் அறிந்தது அந்த ஆய்வின் வழியாகத்தான். மலாயாவில் புதரில் உழைத்தவர்களின் காய்ச்சல் உலகிற்கே பயன் தந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

எவ்வளவு பரவலானது?

மருந்து கிடைத்ததால் நோய் மறைந்துவிட்டதா? இல்லை. 1984ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. மலேசியாவின் கிராமப்புறப் பகுதி ஒன்றில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அவர்களுள் 19.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, புதர் டைஃபஸ் இருந்தது. டைபாய்டு, மலேரியா, எலிச்சிறுநீர்க் காய்ச்சல் ஆகிய ஒவ்வொன்றையும்விட அதுவே முதலிடத்தில் இருந்தது. செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்த அளவு 46.8 விழுக்காடாக உயர்ந்தது. காய்ச்சல் கண்ட செம்பனைத் தொழிலாளர் இருவரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்நோய் என்பது சிறிய செய்தி அன்று.

பிந்திய ஆய்வுகள் வேறொரு வழியில் இதே உண்மையைச் சொல்கின்றன. ஒரு கிருமி உடலில் நுழைந்தால், அதனை எதிர்க்க உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும். நோய் நீங்கிய பின்னும் அந்த எதிர்ப்பொருள் சில காலம் இரத்தத்தில் தங்கியிருக்கும். ஈர மண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் போன்றது அது. நடந்தவர் போன பின்னும் தடம் இருக்கும். 1990களில் நம் நாட்டின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களுக்குக் காய்ச்சலோடு வந்தவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, புதர் டைஃபஸ், எலி டைஃபஸ், உண்ணி பரப்பும் புள்ளிக் காய்ச்சல் ஆகிய மூன்றின் தடங்களும் பலரிடம் காணப்பட்டன. தடம் இருப்பதனாலேயே அன்று வந்த காய்ச்சல் அதனால்தான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால், அந்தக் கிருமி ஒரு காலத்தில் அவர்களின் உடலில் நுழைந்தது என்பதற்கு அது சான்று. பலர் தம்மை அறியாமலேயே இந்நோய்களைக் கடந்து வந்திருக்கின்றனர்.

வீட்டு விலங்குகளையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் நாய்களிடமும் பூனைகளிடமும் சேகரித்த தெள்ளுகளில் ரிக்கெட்சியா ஃபெலிஸ் என்னும் பாக்டீரியா இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆகவே, தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டால் இதிலிருந்து முற்றிலும் விடுபட்டோம் என்று கூற இயலாது.

ஏன் கண்ணில் படுவதில்லை?

இவ்வளவு பரவலான நோய் ஏன் நம் பேச்சில் இல்லை? இதன் அறிகுறிகள் டெங்கி, டைபாய்டு, எலிச்சிறுநீர்க் காய்ச்சல் ஆகியவற்றின் அறிகுறிகளைப் போலவே இருப்பது ஒரு காரணம். கடித்த உயிரை யாரும் பார்க்காதது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் கூச்சம். தொடையிடுக்கிலோ மார்பின் கீழோ இருக்கும் ஒரு புண்ணை மருத்துவரிடம் காட்ட நம் பாட்டிமார் தயங்குகிறார்கள். மஞ்சளை அரைத்துப் பூசி மறைத்துவிடுகிறார்கள். நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் அப்படியே மறைந்துபோகிறது.

முன்பு வாங்கி மீந்துபோன மருந்தைத் தாமாகவே உட்கொள்வதும் ஆபத்தானது. பென்சிலின் வகை மருந்துகள் இந்நோய்களுக்குப் பயன்படுவதில்லை. ரிக்கெட்சியா பாக்டீரியாக்கள் நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே வாழ்வதால் அவற்றுக்கென்று தனி மருந்து வேண்டும். டாக்ஸிசைக்ளின் அத்தகைய மருந்து. அது விலை குறைந்தது. பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. உரிய நேரத்தில் மருத்துவர் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சல் தணிந்துவிடும். மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், நோய் இன்னதென்று தெரியாததால் ஒருவர் துன்புறுவது எவ்வளவு வருந்தத்தக்கது!

மொழிபெயர்க்கும் பிள்ளைகள்

இங்குதான் உங்களின் பங்கு வருகிறது. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற இடங்களில் வாழும் நம் குடும்பங்களில், தாத்தா பாட்டியை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் பல வேளைகளில் பேரப்பிள்ளைகளே. பாட்டி தமிழில் சொல்வதை மருத்துவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துச் சொல்லும் பொறுப்பும் அவர்களையே சேர்கிறது.

பாட்டி பேசும் முறை வேறு. "போன வாரம் கோயில் பின்னாடி புல்லு வெட்டுனேன். அப்புறம் கோழிக்கூட்டைக் கூட்டுனேன். ரெண்டு நாளா உடம்பு அனலா கொதிக்குது, தலை வெடிக்குது" என்று அவர் கதைபோலச் சொல்வார். நாம் அதைச் சுருக்கி, "இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி" என்று மட்டும் மருத்துவரிடம் சொல்கிறோம். புல்லும் கோழிக்கூடும் தேவையற்ற பேச்சு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில், நோயைக் கண்டுபிடிக்க உதவும் குறிப்பு அந்த விட்டுப்போன பகுதியில்தான் இருக்கக்கூடும்.

இருமொழி அறிந்த பிள்ளை ஒரு வீட்டுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். ஆனால், மொழிபெயர்ப்பவர் தமக்கு முக்கியம் என்று தோன்றுவதை மட்டும் சொன்னால் போதாது. நோயாளி சொன்ன அனைத்தையும் சொல்ல வேண்டும். உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி என்ற தமிழ்ச் சொற்களுக்கு இணையான மலாய்ச் சொற்களை மேலே குறிப்பிட்டதற்குக் காரணமும் இதுவே. தேர்வில் மதிப்பெண் பெற மட்டும் சொற்களைக் கற்பதில்லை. ஒரு சொல் சரியான இடத்தில் பயன்பட்டால் அது ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.

மறுப்புகளும் விடைகளும்

"இது தோட்டக் காலத்து நோய். இப்போது நம்மவர் பலர் பட்டணத்தில்தான் இருக்கிறார்கள்" என்று சிலர் கூறலாம். தோட்டங்களை விட்டு நாம் வெளியேறியது உண்மைதான். ஆயினும், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு செல்கிறோம். பள்ளிச் சீருடை இயக்க முகாமில் புல்தரையில் படுத்துறங்குகிறோம். புதருக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுக்கிறோம். இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பலர் அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள். அன்று நம் கொள்ளுத் தாத்தா நின்ற அதே இடத்தில், மொழி தெரியாமல், நோயைச் சொல்லத் தெரியாமல் அவர்கள் நிற்கிறார்கள். நம்மை விட்டு நீங்கியது என்பதற்காக ஒரு நோய் நாட்டை விட்டே நீங்கியதாகக் கருதுவது சரியா?

பழைய நோய் என்று இதனை ஒதுக்கவும் முடியாது. கடுமையான புதர் டைஃபஸுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதைக் கண்டறிய, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஒரே மருந்தைக் கொடுப்பதைவிட இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பயன் தருகிறது என்று அது காட்டியது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த மண்ணிலும் இந்நோய் இன்றும் உள்ளது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

"எல்லாக் காய்ச்சலுக்கும் பயந்துகொண்டிருந்தால் வாழ முடியுமா?" என்றும் சிலர் கேட்கலாம். இக்கட்டுரை அச்சமூட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. டெங்கியைப் பற்றிய விழிப்புணர்வைக் குறைக்க வேண்டும் என்பதும் என் நோக்கம் அன்று. டெங்கிக் கிருமியை நேரடியாகக் கொல்ல இன்னும் மருந்தில்லை. டைஃபஸுக்கோ மருந்து உண்டு. மருந்துள்ள நோயைக் கவனிக்காமல் விடுவதே என் கவலை.

மருத்துவர்களும் இந்நோய்களை மனத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவர்கள் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் டைஃபஸும் பிற ரிக்கெட்சியா நோய்களும் உள்ளன. ஆனால், அறிவிக்க வேண்டுமானால் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டுமானால் நோயாளி வாய் திறக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வருமுன் காப்பது எளிது. புல்வெளியிலும் புதரிலும் வேலை செய்யும்போது நீண்ட காற்சட்டையும் காலுறையும் அணிய வேண்டும். புல்லின்மீது நேரடியாக உட்காராமல் பாய் விரித்து உட்கார வேண்டும். பூச்சி விரட்டி மருந்தைக் கைகால்களில் பூசிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் குளித்து, உடுத்திய துணிகளைத் துவைக்கப் போட வேண்டும். வீட்டைச் சுற்றிலும் புல்லை வெட்டிச் சீராக வைத்திருக்க வேண்டும். அரிசியையும் உணவுக் கழிவுகளையும் மூடி வைத்தால் எலிகள் அண்டா. எலிகளை ஒழிக்கும்போது தெள்ளுகளையும் ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால், எலி செத்தபின் அதன் தெள்ளுகள் வேறு உடலைத் தேடி வரும்.

நாய், பூனை வளர்ப்பவர்கள் அவற்றுக்கு உண்ணி, தெள்ளு நீக்கும் மருந்தைத் தவறாமல் போட வேண்டும். நோய்க்கு அஞ்சி அவற்றைத் தெருவில் விடுவது தீர்வாகாது. தெருவில் விட்ட விலங்கின்மீதுதான் உண்ணிகள் பெருகும். உடலில் உண்ணி ஒட்டியிருந்தால் அதனை நசுக்கக் கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நேராக இழுத்து எடுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவ வேண்டும்.

இவற்றையெல்லாம் மீறிக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். கடந்த மூன்று வாரங்களில் எங்கெங்கே சென்றீர்கள்? என்ன வேலை செய்தீர்கள்? எந்த விலங்கோடு பழகினீர்கள்? உடலில் புதிதாகப் புண்ணோ பொருக்கோ இருக்கிறதா? மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயைக் கண்டறிவது மருத்துவரின் கடமை. அவருக்கு உரிய செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை. அந்தச் செய்தியைத் தமிழில் கேட்டு, மருத்துவருக்குத் தெரிந்த மொழியில் ஒன்றும் விடாமல் சொல்லும் திறமை உங்களிடம் உள்ளது. அதனை உங்கள் வீட்டாருக்குப் பயன்படுத்துங்கள்.